உள்ளிருந்து இரண்டு தட்டு

எங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுப்பதற்கென்றே ஒரு தோணி லாரியில் ஏறி ஓசூருக்கு வந்து சேர்ந்தது.

தூத்துக்குடிப் பக்கம் கரையில் கிடந்த பழைய பாய்மரத் தோணி. சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு காலி ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். அதைச் செப்பனிட்டு, அணைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பாய் விரிக்கப் பழகுவதாகத் திட்டம். சம்பளம் கிடையாது, ஆசைப்பட்டவர்கள் வரலாம். என் வீட்டுக்காரர் ஜெகதீஷ் கடலையே பார்க்காத சாமல்பட்டிக்காரர். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். மகள் சுவாதியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் திட்டிக்கொண்டே கூடப் போனேன்.

பட்டப்பகலிலும் ஷெட்டுக்குள் இருட்டு. மீனெண்ணெயும் ஈர மரமும் கலந்த வாடை குமட்டியது.

சொல்லிக்கொடுத்தவன் மாரிமுத்து, ஜெகதீஷோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிற தூத்துக்குடிக்காரன். தண்ணீர் புகாதபடி பலகை இடுக்குகளில் நான் வெளியே இருந்து பஞ்சுத் திரியை அடித்து இறுக்க வேண்டும். ஜெகதீஷ் தோணியின் முனையில் இருந்த சின்ன முன்னறைக்குள் இறங்கி, கரி அடுப்பில் குங்கிலியம் உருக்கி உள்பக்கம் பூச வேண்டும்.

“சுத்தியல் சத்தத்துல பேச்சு கேக்காதுக்கா. ஒரு பலகை முடிஞ்சா நீங்க ஒரு தட்டு. உள்ள இருந்து ரெண்டு தட்டு வரணும். வரலன்னா ஆள ஒடனே வெளிய இழுத்துரணும்,” என்றான்.

பத்து மணிக்கு இறங்கினார். முதல் பலகை முடித்துத் தட்டினேன்.

டொக், டொக்.

பதினோரு பலகை முடித்தேன். ஒன்றுக்கும் பதில் தவறவில்லை. மணி ஒன்றானது.

“ஏங்க, சாப்புட வர்றீங்களா இல்லியா?”

டொக், டொக்.

“வாயில என்னா கொழுக்கட்டையா?”

டொக், டொக்.

கோபம் தலைக்கேறியது. கிடக்கட்டும் என்று தயிர்சாதத்தை நான் மட்டும் வழித்துத் தின்றேன். அந்தச் சோறு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

அவரைக் கூப்பிடத் தோணிமேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்த மாரிமுத்து, “அக்கா...” என்றான். பிறகு மற்றவர்களைக் கத்திக் கூப்பிட்டான்.

நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே தூக்கினார்கள். தாடை விறைத்திருந்தது. அடுப்பில் கரி சாம்பலாகிக் கிடந்தது.

“கரிப்புகையில மூச்சடைச்சிருக்கும்மா. உசுரு போயி மூணு மணி நேரமாவது இருக்கும்,” என்றார் இரண்டு மணிக்குப் பார்த்த டாக்டர்.

“இல்ல சார், ஒரு மணிக்குக்கூட பதில் குடுத்தாரு!”

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அந்த முன்னறையில் ஒரே ஒரு ஆள்தான் முடங்கி உட்கார முடியும். ஒரு தடவை பதில் வராமல் போயிருந்தால் அப்போதே இழுத்துப் போட்டிருப்போம். பிழைத்திருப்பார். உள்ளே இருந்தது எதுவோ, அந்தப் பாவிக்கு அவர் சாகும்வரை எங்களை அண்டவிடக் கூடாது; அதற்காகவே அவருக்குப் பதிலாக அது தட்டியது.

காரியம் முடிந்தது. ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். அந்தத் திசையில் நான் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இன்று காலை சுவாதி பள்ளிக்கூடம் கிளம்பக் குளியலறைக்குள் போனாள். வெகுநேரமாகத் தண்ணீர்ச் சத்தமே இல்லை. கதவைத் தட்டுகிறேன்.

டொக், டொக்.

கதவில் காதை ஒட்டிவைக்கிறேன்.

“சுவாதி, வாயத் தொறந்து பேசுடி!”

டொக், டொக்.

தோளால் இடிக்கிறேன். தாழ்ப்பாள் அசையவில்லை.

“என் கண்ணு, அம்மான்னு ஒரே ஒரு தடவ சொல்லுடி!”

பதில் உடனே வருகிறது.

டொக், டொக்.