விலாவில் ஒரு மூடி

மாடு அசைபோட்டு மூன்று நாளாகிறது. வயிறு மட்டும் அரைத்துக்கொண்டே இருந்தது.

இந்துமதி ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்து, உதறி, மறுபடி மாட்டிக் கேட்டாள். நல்ல மாட்டின் வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை, தூரத்தில் லாரி திரும்புகிற மாதிரி உருண்டு அடங்கும். இது அடங்கவில்லை. ஆறுமுகநேரி உப்பளத்து வெயிலெல்லாம் தகரக்கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்த அந்தக் கொட்டகையில், புளித்த மாவையும் அழுகல் முட்டையையும் ஈர வைக்கோலோடு சேர்த்துக் காய்ச்சியது போன்ற வாடைக்கு நடுவே, நனைந்த சாக்கை யாரோ கல்லில் தேய்த்து இழுக்கிற மாதிரி அந்தச் சத்தம் ஓயாமல் வந்தது.

"வச்ச தீவனம் வச்சபடி கெடக்கு," என்றாள் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் சந்தனமாரி. "தண்ணியும் தொடல. பொறவு எதப் போட்டு அரைக்குது?"

இந்துமதிக்குப் பதில் தெரியும் போலிருந்தது. வலது கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

கொட்டகை அருமைநாயகம் அண்ணாச்சியுடையது. சாயர்புரத்தில் புண்ணாக்குக் கடை வைத்திருந்தவர். போன வருஷம், வரைபடத்தில் தேடிப் பார்க்கவேண்டிய ஒரு தீவின் பல்கலைக்கழகம் பொன்னாடையும் பட்டமும் கொடுத்ததில் டாக்டராகிவிட்டார். மாட்டு வைத்தியம் நிஜமாகவே படித்த இந்துமதி அவரிடம் மாதச் சம்பளத்தில் இருந்தாள். அவருடைய 'குளிர்குடல்' பொடியைத் தின்றால் கோடையிலும் மாட்டு வயிறு ஊட்டி மாதிரி இருக்குமாம். அதை நிரூபிக்க இந்த ஜெர்சி மாட்டை நாற்பத்திரண்டு டிகிரியில் கட்டிப்போட்டிருந்தார். அதன் இடது விலாவில் செம்பு வாயகலத்துக்கு ஓர் ஓட்டை, அதில் கறுப்பு ரப்பர் மூடி. திறந்தால் நேரே இரைப்பை. ஆராய்ச்சிக்காக அறுவை செய்து வைத்தது.

பொடி எதையும் குளிர்விக்கவில்லை. வெக்கையில் மாடு தின்னாது, அசைபோடாது. எச்சில் இறங்காத வயிறு புளிக்கும். சாதுவான நுண்ணுயிரிகள் செத்து, புளிப்பில் கொழுப்பவை பெருகும். குடல்சுவர் நைந்து அவை ரத்தத்தில் கசியும். இதை அவள் அறிக்கையில் எழுதியபோது அண்ணாச்சி திருப்பிக் கொடுத்தார். "நெகட்டிவா எழுதாதிய டாக்டரம்மா. மனசு சங்கடப்படுதுல்லா."

இன்று காலை சோதனைக்கு வயிற்றுச் சாறு எடுக்க மூடியைத் திறந்து முழங்கைக்கு மேல் கைவிட்டாள். உள்ளே ஏதோ உறிஞ்சியது. குழந்தை விரல் சூப்புகிற மாதிரி, பல்லில்லாமல், ஆசையாக. கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். கையுறை கிழிந்திருந்தது. நான்கு தடவை சோப்புப் போட்டாயிற்று. கிழிசல் இருந்த இடத்தில் தோல் இன்னும் சுட்டது. அப்போதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். அது தனக்குள்ளும் புகுந்துவிட்டதா?

பன்னிரண்டு மணிக்குக் கார்கள் வந்தன. துறைமுகத்தில் தீவனம் இறக்குமதி செய்யும் பெரிய மனிதர்கள், மூக்கில் கைக்குட்டையும் கையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலமுமாக இறங்கினார்கள். மாட்டுக்கு மாலை, மூடிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். ரிப்பனை வெட்டி, வெறுங்கையை உள்ளே விட்டு, குளிர்ச்சியை அண்ணாச்சி உலகுக்கு அறிவிப்பது நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது. நான்காவது பிரியாணி.

"கை விடாதீங்க அண்ணாச்சி. உறையாவது போடுங்க. காலையில எனக்கு..."

"உறை போட்டா எம் பொடிய நானே நம்பலன்னுல்லா ஆயிரும்?" சட்டைக் கையைச் சுருட்டினார். மோதிரங்களைக் கழற்றவில்லை. போட்டோவில் விழ வேண்டுமே.

சந்தனமாரி இந்துமதியின் துப்பட்டாவை இழுத்தாள். "கண்ணப் பாருங்க."

மாட்டின் கருவிழி மேலேயே ஓர் ஈ. நடந்தது. கால் தேய்த்தது. இமை அசையவில்லை.

இந்துமதி மாட்டின் காதைத் தொட்டாள். அந்த வெக்கையிலும் சில்லென்று இருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

ஒரு சாண் பின்னால் நகர்த்தினாள்.

அரைத்தது.

நின்றபடியே செத்திருந்தது. எப்போது? காலையில் அவள் கைவிட்டபோதேவா?

"அண்ணாச்சி! மாடு செத்துட்டு!"

கைதட்டலில் அவள் குரல் எடுபடவில்லை. ரிப்பன் விழுந்தது. மூடி திறந்தது. வாடை எழுந்தது. ஒருவர் தின்ற மக்ரூனைத் தன் ஷூவிலேயே கக்கினார்.

மணிக்கட்டு வரை போனது கை. "குளுகுளுன்னு இருக்கு!" என்றார் கேமராவைப் பார்த்து. முழங்கை. சிரிப்பு. தோள். அவர் தள்ளவில்லை. கன்னம் விலாவில் அப்பியது. சிரிப்பு அப்படியே இருந்தது.

சத்தம் நின்றது. மூன்று நாளில் முதல்முறையாக.

பொளக்கென்று கை வெளியே வந்தது. மாடு மடிந்து விழுந்தது, காற்றுப்போன பை மாதிரி. அண்ணாச்சி நிமிர்ந்து நின்றார். முழங்கையிலிருந்து பச்சையாகச் சொட்டியது. அவர் தாடை அசைந்தது. இடமிருந்து வலம். மெதுவாக. வாயில் ஒன்றுமில்லை. கடைவாயில் நுரை. மாட்டுக் கண்ணை விட்டு எழுந்த ஈ அவர் கண்ணில் வந்து உட்கார்ந்தது. அவர் இமைக்கவில்லை.

பெரிய மனிதர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்துமதி சந்தனமாரியைத் தேடித் திரும்பினாள். சந்தனமாரி பின்னால் நகர்ந்தாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு.

"டாக்டரம்மா," என்றாள். "நீங்க என்னத்த மெல்லுதிய?"