அரிசியளவு வெள்ளி

பொத்தான் பேர்னாட்டின் கையில் இருந்தது. அவன் அதை அழுத்தவில்லை. ஆனாலும் கட்டிலோரத்து முக்காலியில் அந்தச் சின்ன பல்ப் எரிந்தது, அணைந்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடி எரிந்தது.

ஈரம்தான், வேறென்ன என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனி மாத மழை கொட்டாஞ்சேனையை ஒரு கிழமையாக ஊறப்போட்டிருந்தது. சுவர் கசிந்தது, தலையணையில் பூஞ்சணம் நாறியது, துறைமுகப் பக்கமிருந்து நிலக்கரியும் உப்பும் கலந்த வாடை ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து குந்திக்கொண்டது. மழை பெய்கிறதா விட்டுவிட்டதா என்பதை அவன் மூக்காலும் தோலாலும்தான் அறியவேண்டும். உலக யுத்தத்தில் ஒரு ஈஸ்டர் ஞாயிறு துறைமுகத்தில் விமானக் குண்டு விழுந்தபோது அவனுடைய இரண்டு காதும் போயின. வேலை பார்த்த கந்தோரில் இரக்கப்பட்டுப் பிரதி எழுதும் வேலையில் விட்டுவைத்தார்கள். ஆட்கள் பேசினால் உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொள்ளப் பழகிவிட்டான்.

மனைவி ஐறீனுக்குத் தொய்வு இல்லாமலிருந்தால் அவன் காதைப் பற்றிக் கவலையே பட்டிருக்கமாட்டான். படுத்தால் அவளுக்கு மூச்சு அடைக்கும். முன்னறை ஜன்னலோரம் சாய்கதிரையில் இருந்தபடிதான் தூக்கம். தொய்வு இழுக்கத் தொடங்கினால் மருந்துப் பொடி எரித்துப் புகை காட்டவேண்டும், முதுகைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். எழும்பி வந்து அவனைத் தட்ட அவளால் முடியாது. கத்தினால் அவனுக்குக் கேட்காது. முதலில் அவன் கால் பெருவிரலில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை அவள் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். சித்திரையில் ஒருநாள் அது நழுவிவிட்டது. விடிய எழும்பிப் போனவன் கண்டது நீலம் பாய்ந்த உதடுகளை. அவள் அன்றைக்குப் பிழைத்தது பெரிய காரியம்.

அதற்குப் பிறகுதான் இந்த மின்னும் விளக்கு. மின்சார வேலை அவனுக்கு அரிச்சுவடியும் தெரியாது. மருதானையில் கடை வைத்திருந்த மஷூரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தான். ஒரு பலகையில் பல்ப், பித்தளையும் இரும்பும் ஒட்டிய ஒரு தகடு, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. ஐறீன் பொத்தானை அழுத்தினால் பெட்டறியின் மின்சாரம் பல்பை எரித்துத் தகட்டைச் சுடவைக்கும். சூடேறிய தகடு வளைந்து தொடுமுனையை விட்டு விலகும், விளக்கு அணையும். ஆறியதும் திரும்பி வந்து தொடும், எரியும். நின்றெரியும் வெளிச்சத்துக்கு அவன் எழும்பமாட்டான், மின்னுகிற வெளிச்சம் மூடிய இமையையும் விடாது.

சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது. கட்டியபோது பல்ப் எரிந்தபடியே நின்றது. திருகாணியை இளக்கினால் எரியவே இல்லை. ஒருவழியாக மின்னத் தொடங்கியதும் செம்புத் தொடுமுனை கருகி ஒட்டிக்கொண்டது. அரத்தாள் போட்டுத் தேய்த்தான், மறுநாளும் கருகியது. மஷூர் அதைப் பார்த்ததும், "செம்பு கருகத்தான் செய்யும். ஒரு பொட்டு வெள்ளி வைங்க, கருகாது" என்றார்.

வீட்டில் வெள்ளி ஒரே இடத்தில்தான் இருந்தது. சிலைகள் வைத்துக் கும்பிடும் சுருவத்தட்டில், அந்தோனியாரின் காலடியில், நெஞ்சு வடிவத்தில் வெட்டிய ஒரு தகடு. போன வருடம் ஐறீன் சாகக் கிடந்தபோது அவளுடைய அக்கா றோஸி, தங்கைக்கு மூச்சுத் திரும்பினால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வெள்ளி நெஞ்சு கொடுப்பதாக நேர்ந்தாள். மூச்சுத் திரும்பியது. தகடும் செய்தாயிற்று. கொண்டுபோய் வைக்குமுன் காய்ச்சலில் செத்துப்போனது றோஸி. இந்தப் பெருநாளுக்காவது கொடுத்துவிடுவோம் என்று ஐறீன் சொல்லும்போதெல்லாம் பேர்னாட் கண்ணை மூடிக்கொள்வான். அவனுக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் அதுதான் வழக்கம். "கண்ணை மூடினா உங்களுக்குக் காதும் மூடிப்போகும். நல்ல வசதி" என்று அவள் பகிடி பண்ணுவாள்.

தகட்டின் பின்விளிம்பில் அவன் ஒரு அரிசியளவு வெட்டினான். அரிசியளவு வெள்ளிக்காக அந்தோனியார் வழக்குப் பேசமாட்டார் என்று நினைத்தான். அவளிடம் சொல்லவில்லை. விளக்கு அன்றே ஒழுங்காக மின்னியது, சின்னப் பிள்ளைபோல அவளைத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

இன்றைக்குத்தான் இப்படி. முதல் தரம் மின்னியபோது விழுந்தடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினான். ஐறீன் விழித்திருந்தாள். தொய்வு இல்லை, முகம் மட்டும் சரியில்லை.

"நான் அமத்தேல்லை. பொத்தான் மேசையிலயெல்லோ கிடக்கு" என்றாள்.

அவளைத் தூங்கச் சொல்லிவிட்டு, பிழை எங்கே என்று பார்க்கப் பொத்தானைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அது இப்போது அவன் உள்ளங்கையில் இருந்தது. விளக்கு மின்னியது.

ஈரத்தில் இரண்டு கம்பியும் எங்காவது ஒட்டியிருக்கும். சுவர் வழியாக விரலால் தடவிக்கொண்டு போனான். பஞ்சுச் சுற்று நனைந்து வழுக்கியது, செம்பின் புளித்த வாடை விரலில் ஏறியது, ஓரிடத்திலும் கம்பி வெளியே தெரியவில்லை. பலகைக்குத் திரும்பி அந்தக் கம்பிகளையே கழற்றி எறிந்தான்.

விளக்கு மின்னியது.

தகடு வளைவதைக் குனிந்து பார்த்தான். விலகியது. வந்து தொட்டது. தொட்ட இடத்தில் அந்த வெள்ளிப் பொட்டு, கருகாமல், நனைந்ததுபோல் பளபளத்தது. தகட்டைத் தொட்டால் சூடு இல்லை. சூடில்லாமல் எப்படி வளையும்? பெட்டறியின் இரண்டு முனையையும் பிடுங்கினான். பெட்டறியைத் தூக்கி மூலையில் வைத்தான்.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

அவனுக்கு அது தெரிந்த தாளம். எங்கோ பார்த்த தாளம். கதவு வழியாக முன்னறையைப் பார்த்தான்.

ஐறீன் சாய்கதிரையில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். விளக்கு எரிந்தது, அவள் நெஞ்சு உயர்ந்தது. அணைந்தது, தாழ்ந்தது. அவன் அசையாமல் பார்த்தான். எரிந்தது. உயர்ந்தது.

வெள்ளி. அந்த வெள்ளியைத் திருப்பி வைக்கவேண்டும். நெஞ்சுத் தகட்டில் ஒட்டி, இப்போதே கொச்சிக்கடைக்கு ஓடி, கதவு திறக்கும்வரை படியில் கிடந்தாவது கொடுத்துவிடவேண்டும். திருகாணியைத் திருகிப் பொட்டை இளக்கினான்.

விளக்கு நின்றது.

இருட்டு. அவள் மூச்சு அவனுக்கு எப்போதுமே கேட்டதில்லை. கதிரைவரை தவழ்ந்து போய் அவள் நெஞ்சில் கையை வைத்தான். அசைவில்லை. உலுக்கினான். தலை சரிந்தது. அவன் வாய் என்ன கத்தியதோ அவனுக்கே தெரியாது. திரும்பி ஓடிப் பலகையைத் தூக்கி வந்து அவள் காலடியில் போட்டு, பொட்டை இருந்த இடத்தில் இறுக்கினான். தகடு அசையவில்லை. விரலால் அழுத்தினான்.

பல்ப் எரிந்தது. அவள் நெஞ்சு உயர்ந்தது.

விரலை எடுத்தான். தாழ்ந்தது. அழுத்தினான். உயர்ந்தது. பிறகு அவன் எதையும் யோசிக்கவில்லை. அழுத்தினான், எடுத்தான். விரல் மரத்தது. மற்ற விரலால் அழுத்தினான். முழங்காலுக்குக் கீழே தரையின் ஈரம் ஏறியது.

சாம்பல் வெளிச்சம் வந்தபோது கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ், பூசைக்குப் போகிற வழியில் ஐறீனை எட்டிப் பார்க்கிறவள், தலையில் முக்காட்டோடு நின்றாள். பேர்னாட் கையை எடுக்காமல் சுருவத்தட்டைக் காட்டினான்.

"அந்த நெஞ்சுத் தகட்டைக் கோவிலுக்குக் கொண்டுபோய் வையும். கெதியாப் போம். என்னால ஏலாது, நான் கையை எடுத்தா இவ செத்துப்போவா."

அவள் தகட்டை எடுத்தாள். போகிற போக்கில் ஐறீனின் நெற்றியைத் தொட்டவள், சுட்டதுபோல் கையை இழுத்தாள். அவன் விளங்கிக்கொள்ளட்டும் என்று முகத்துக்கு நேரே வந்து நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அண்ணை. உடம்பு விறைச்சுப் போச்சு. ராவே முடிஞ்சுது."

அவன் அழுத்தினான். கொன்ஸ்ரன்ஸின் கண் அவனைத் தாண்டிக் கதிரைக்குப் போனது. நெஞ்சு உயர்வதை அவளும் கண்டாள். தகடு அவள் கையிலிருந்து சத்தமில்லாமல் தரையில் விழுந்தது. கதவு திறந்தபடி கிடக்க, தெருவில் அவளுடைய வெள்ளை முக்காடு ஓடியது.

தகடு எட்டாத தூரத்தில் கிடந்தது. விரலை எடுக்காமல் காலை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை.

நிமிர்ந்தான். ஐறீனின் முகம் ஜன்னல் பக்கமிருந்து அவன் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணில் ஈரமில்லை. உதடுகள் நீலம். அழுத்தினான், நெஞ்சு உயர்ந்தது. எடுத்தான், அந்தக் காற்று வெளியே வரும்போது உதடுகள் அசைந்தன. அவனுக்கு நன்றாகப் பழக்கமான உதடுகள்.

"விடுங்கோ."

அழுத்தினான். எடுத்தான்.

"இவ்வளவும் காணும். நோகுது. விடுங்கோ."

பேர்னாட் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். விரல் அழுத்தியது. மூடிய இமைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.