தௌஹீதா வந்திருக்கிறார், திறக்கட்டுமா?

கம்சீன் என்னும் பாலைவன மணற்காற்று அன்று காலையிலேயே கிளம்பிவிட்டது. நஷ்வா டிராமை விட்டு இறங்கியபோது அலெக்சாந்திரியாவின் வானம் துருப்பிடித்த தகரம்போல இருந்தது. கடலைக் காணவில்லை. அதன் இரைச்சல் மட்டும் எங்கோ மண்ணுக்குப் பின்னால் கேட்டது. பழைய கட்டடத்தின் இருண்ட படிகளில் ஏறி நான்காம் மாடி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, அவள் பற்களுக்கிடையே மணல் நறநறத்தது.

"இன்ஜினியரம்மா வந்தாச்சா? பெருநாள் லீவு முடிஞ்சுதான் வருவீங்களோன்னு நெனச்சேன்," என்றான் வஜீஹ், கணினியிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"தங்கச்சி கால் ஒடிஞ்சு கெடக்குறா. அவளுக்கு எல்லாம் செஞ்சு வெச்சுட்டுத்தானே நான் வரணும்?"

"அதான் உன் வீட்டுக் கதவுலயே நம்ம பூட்டைப் போட்டுக் குடுத்தோமே. இன்னும் என்ன சாக்கு?"

அந்தப் பூட்டும் அதற்கான செயலியும்தான் அவர்கள் தொழில். வாசலில் வருகிறவர் மணியை அழுத்திப் பெயர் சொன்னால், வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும் அவர் போனில் ஒரு பெட்டி எழும்பும்: இன்னார் வந்திருக்கிறார், திறக்கட்டுமா? அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'வேண்டாம்', மற்றது 'திற'. பெட்டியை எழுதியவள் நஷ்வா. சோதனைக்கென்று முதல் பூட்டை அவள் வீட்டில்தான் மாட்டியிருந்தார்கள். தொடைவரை மாவுக்கட்டோடு படுத்திருக்கும் தங்கை மாயிஸாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சூப் கொண்டுவந்தால், இங்கிருந்தபடியே நஷ்வா கதவைத் திறந்துவிடுவாள்.

வஜீஹ் ஃபூல் என்ற அவரை மசியல் வைத்த சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த செய்தித்தாள் விரிந்து கிடந்தது. நஷ்வா எட்டிப் பார்த்தாள். மரண அறிவிப்புப் பக்கம்.

"என்ன பண்ற?"

"சோதிச்சுப் பார்க்க விருந்தாளிங்க பேரு வேணுமே. இங்க பாரு, பக்கம் பூரா பேருதான். தௌஹீதான்னு ஒரு அம்மா, நேத்து அடக்கம். நல்ல பேரு."

"அல்லாஹ்வுக்குப் பயப்படு, வஜீஹ். மௌத்தானவங்க பேரு அது."

"அதனாலதான் எடுத்தேன். உயிரோட இருக்குறவன் பேரைப் போட்டா கேஸ் போடுவான். இந்தம்மா எந்திரிச்சு வந்தா கேக்கப் போகுது?"

அவனே சொல்லி அவனே சிரித்தான்.

இன்னொரு வேலையையும் அவன் முடித்திருந்தான். மாதக்கணக்காக அவர்கள் செயலியை ஆங்கிலத்தில்தான் சோதித்துவந்தார்கள். அன்றுதான் அதை அரபுக்கு மாற்றினான். எழுத்து வலமிருந்து இடமாக ஓடத் தொடங்கியதும், கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பொத்தான்களும் இடம் மாறிக்கொண்டன. இத்தனை நாளும் இடப்பக்கம் இருந்த 'வேண்டாம்' இப்போது வலப்பக்கம் இருந்தது.

"கை பழக்கத்துல எல்லாரும் தப்பா அழுத்துவாங்க," என்றாள்.

"கண்ணு இருந்தா பார்த்து அழுத்தட்டும்."

நண்பகலில் மின்சாரம் போனது. சன்னலுக்கு வெளியே தெருவே இல்லை. மஞ்சள் இருட்டு மட்டும் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்தியதுபோல நின்றது.

நஷ்வாவின் போன் அதிர்ந்தது.

*தௌஹீதா வந்திருக்கிறார். திறக்கட்டுமா?*

"உன் விளையாட்டையெல்லாம் என் வீட்டுப் பூட்டுக்கு அனுப்பாத!"

"நான் எங்க அனுப்புறேன்? கரண்டே இல்ல, மெஷின் செத்துக் கெடக்கு. பாரு."

கணினித் திரை கறுப்பாக இருந்தது.

நஷ்வா பார்த்துப் பார்த்து, வலப்பக்கம் இருந்த 'வேண்டாம்' பொத்தானைத் தொட்டாள். பெட்டி மறைந்தது.

மீண்டும் எழும்பியது.

மீண்டும் தொட்டாள். மீண்டும் எழும்பியது. பெட்டிக்கு வெளியே தொட்டால் அது போகாது. பதில் சொல்லாமல் யாரும் தப்பிக்கக் கூடாதென்று அவளே அப்படி எழுதியிருந்தாள்.

தங்கையை அழைத்தாள். மாயிஸா எடுத்தவுடனேயே கிசுகிசுத்தாள்.

"அக்கா, மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. யாருன்னு கேட்டா சத்தமே இல்ல. கதவுக்கு அடியில என்னமோ வாடை வருது."

"என்ன வாடை?"

"கற்பூரம். அம்மா மௌத்தானப்போ குளிப்பாட்டுனாங்களே, அந்த வாடை."

நஷ்வா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ திறக்காத மாயிஸா."

"நான் எங்க எந்திரிச்சுத் திறக்குறது? நீதானே திறக்கணும்."

போனைக் காதிலிருந்து எடுத்தாள். பெட்டி காத்திருந்தது.

*தௌஹீதா வந்திருக்கிறார். வெளியே மண் வாரி இறைக்கிறது. திறக்கட்டுமா?*

இந்தச் சொற்களை அவள் எழுதவில்லை.

'வேண்டாம்.'

*குழியிலும் மண்தான். திறக்கட்டுமா?*

'வேண்டாம்.'

வஜீஹ் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலே பார்த்தான். "நான் இல்ல. சத்தியமா நான் இல்ல, நஷ்வா."

*மாயிஸா தனியாகத்தானே இருக்கிறாள்? திறக்கட்டுமா?*

நஷ்வா கத்தியே விட்டாள். கட்டைவிரல் தானாகப் பாய்ந்தது.

பழகிய பக்கத்துக்கு.

இடப்பக்கத்துக்கு.

பெட்டி சமர்த்தாக மறைந்தது. போனுக்குள் தூரத்தில் பூட்டு விலகும் ஓசை கேட்டது. பிறகு, ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒன்று.

"அக்கா," என்றாள் மாயிஸா மிக மெல்ல. "யார உள்ள விட்ட?"

இணைப்பு அறுந்தது.

டிராம்கள் நின்றுபோயிருந்தன. முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு, சுவர்களைத் தடவித் தடவி நஷ்வா ஓடினாள். வீட்டை அடைந்தபோது கதவு மூடியிருந்தது. போனைக் காட்டித் திறந்தாள். கற்பூர வாடை முகத்தில் அறைந்தது.

மாயிஸா கட்டிலில் இருந்தாள். உயிரோடு இருந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்தபடி, அறை மூலையில் கிடந்த வெறும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசு," என்றாள். "இப்பத்தான் உக்காந்தாங்க."

நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

நஷ்வா தங்கையைத் தோளில் சாய்த்துத் தூக்கினாள். மாவுக்கட்டுக் கால் தரையில் இழுபட, மாயிஸா உதட்டைக் கடித்து வலியை விழுங்கினாள். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

கதவு மறுபடி தானாக மூடிப் பூட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உட்புறக் கைப்பிடி இன்னும் துறைமுகச் சுங்கத்தில் சிக்கிக் கிடந்தது. உள்ளேயிருந்து திறக்கவும் போன்தான். நஷ்வா அதை எடுத்தாள். அவள் விரல் படுமுன்னே அது அதிர்ந்தது.

*நஷ்வாவும் மாயிஸாவும் வெளியே போகக் கேட்கிறார்கள். திறக்கட்டுமா?*

கீழே ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

'வேண்டாம்.'

நஷ்வா அதைத் தொடவில்லை. போனைத் தன்னிடமிருந்து தள்ளி நீட்டிப் பிடித்திருந்தாள். ஆனாலும் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ விரல் வைத்ததுபோல, பொத்தான் மெல்ல நிறம் மங்கி உள்ளே அமுங்கியது.