அழித்த மெஷினிலிருந்து பதில்

அழித்துவிட்ட மெஷினிலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது. சிவபாலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். நாதன் என்ற பெயரைக் கூப்பிட்டால், இருக்கிறேன் என்றது திரை.

ஒரே கம்ப்யூட்டருக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் ஓடுவதுபோல அவனும் அறை நண்பன் கதிர்காமநாதனும் அமைத்திருந்தார்கள். நெற்வேர்க்கிங் சோதனைக்குப் படிக்க மூன்று வேண்டும். வெள்ளவத்தை வாடகை கட்டிய பிறகு ஒன்றை வாங்கவே நாக்குத் தள்ளிப் போயிருந்தது. ஒரு மெஷினுக்கு சிவா என்று பெயர், மற்றதற்கு நாதன். இரண்டுக்கும் முகவரி கொடுத்து, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும் மூன்றாவதற்கு, வீட்டுக்காரி பாலேஸ்வரியை நினைத்து 'அன்ரி' என்று பெயர் வைத்தவன் நாதன்தான். அன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. வெளியே ஒரு வயர்கூடப் போகாத வலை அது. வெளியிலிருந்து யாரும் அதற்குள் வர வழியில்லை.

நேற்றுக் காலை பொலிஸ் சுற்றிவளைப்பு. ஊரிலிருந்து வந்து தங்கும் தமிழர் பொலிசில் பதியாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். சிவபாலன் பொலிசில் பதிந்திருந்தான். போன மாதம் வந்த நாதனை நாளைக்குப் பதிவோம், நாளைக்குப் பதிவோம் என்று விட்டிருந்தார்கள். பொலிஸ்காரன் நாதனைக் காட்டி, "மேயா கவுத?" என்றான். இவர் யார்? என்னோடு இருப்பவர் என்றால் போதும். சிவபாலனின் வாய் அவனைக் கேளாமலே, "தன்னே நே" என்றது. தெரியாது. கம்ப்யூட்டர் திருத்த வந்தவர் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னது. நாதன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து செருப்பைத் தேடினான். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை நினைக்க நினைக்க சிவபாலனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

கோயிலுக்குப் போயிருந்த அன்ரி பிறகுதான் அறிந்தாள். இன்று மத்தியானமும் கதவடியில் வந்து நின்றாள்.

"தம்பி, நீர் பொலிசுக்கு வந்து உம்மட சிநேகிதன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா விட்டிடுவினம். நானும் வாறன்."

"பின்னேரம் போவம் அன்ரி."

அவள் போனதும் நாதனின் மெஷினை அழித்தான். அவனுடைய தைலப் போத்தலைக் குப்பையில் போட்டான். பொலிஸ் வந்து சோதித்தால் நாதனின் அடையாளம் ஒன்றும் இருக்கக்கூடாது.

பின்னேரமும் ஆகி, மழையும் பிடித்துக்கொண்டது. கடற்கரை ரயில் போனபோது அதிர்ந்த யன்னல் கண்ணாடி அது போன பிறகும் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாதன் பின்னேரங்களில் நெற்றியில் தேய்க்கும் தைலத்தின் வாசம் அவனுடைய கட்டில் பக்கமிருந்து மெல்ல வந்து மூக்கில் ஏறியது. சிவபாலன் திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் ஒரு சிறு பெட்டி விழுந்தது. 'மச்சான், என்னைத் தெரியுமோ?'

ஓம் என்று ஒப்புக்கொண்டால் போதும். இரண்டே எழுத்து. விரல் போனது. அப்போது ஒழுங்கையில் ஜீப் ஒன்று வந்து நின்றது. விரல் வேறு எழுத்துக்களைத் தட்டியது.

'தெரியாது.'

பெட்டி மறைந்தது. சிவா என்ற பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தான். அப்படி ஒருவர் இல்லை. மறுபடி கூப்பிட்டான். இல்லை. நாதன்? இருக்கிறேன்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

கதவு திறந்தது. அன்ரி. அவளுக்குப் பின்னால் நேற்றைய பொலிஸ்காரன். அன்ரி சிவபாலனை ஏற இறங்கப் பார்த்தாள், முன்பின் காணாத ஆளைப் பார்ப்பதுபோல.

"அன்ரி, நான்..."

அவள் பார்வை அவனைத் தாண்டிக் கட்டிலுக்குப் போனது. "நாதன், இதார் தம்பி?"

பொலிஸ்காரனும் அங்கேயே பார்த்தான். "மேயா கவுத?"

"தன்னே நே." கட்டிலிலிருந்து வந்தது நாதனின் குரல். "கம்ப்யூட்டர் திருத்த வந்தவர்."

சிவபாலன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து செருப்பைத் தேடினான். அது கட்டிலடியில் கிடந்தது. அதற்கு மேலே இரண்டு ஈரக் கால்கள் தொங்கின. ஒரு விரலிலும் நகம் இல்லை.