கப்பல் ஜன்னல்

கண்ணாடியின் நடுவில் ஒரு கை வீங்கியிருந்தது.

சுப்புராயன் அதைத் தொட்டு அரை மணி நேரம் ஆகிறது. தொலைநோக்கிக்காகத் தானே தேய்த்த எட்டங்குலக் கண்ணாடி அது. விரல் வைத்து எடுத்தால், அந்தச் சூட்டுக்கு மயிரிழையிலும் சன்னமாக உப்பும். எதிரே உட்கார்ந்து, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பிளேடு விளிம்பால் மறைத்துப் பார்த்தால் குன்றாகத் தெரியும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. நேற்றிலிருந்து இரண்டு தடவை சிவப்புப் பொடி போட்டுத் தேய்த்துத் தள்ளியும் திரும்ப வந்திருந்தது.

மந்தைவெளி வீட்டு ஸ்டோர் ரூம், மத்தியானம் மூன்று மணி, ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். ஆட்டோவில் ஏற்றும்படி கழற்றி மாட்டும், தொலைநோக்கியைத் தாங்கும் டாப்சோனியன் பெட்டி மூலையில் தயார். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வால்நட்சத்திரம் காட்டப்படும் என்று காலனி முழுக்க நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அதில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஹெட்கிளார்க் சுப்புராயன், 'வானியல் அறிஞர்' சுப்புராயன் ஆகியிருந்தார். பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது.

பழைய இரும்புக் கடை கபாலி இந்தக் கண்ணாடியை விற்கும்போதே சொன்னான்.

"வோணாம் சார், இது கப்பல் ஜன்னலு. ரூம்ல தண்ணி பூந்து, கதவு தொறக்காம, உள்ள இருந்தவன் இந்தக் கண்ணாடிய அடிச்சிக்கினே செத்துட்டானாம்."

"கண்ணாடிக்கு ஞாபகசக்தி உண்டாப்பா?" என்று கேட்டுவிட்டு, கடையே சிரிக்கும் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது பிளேடை இம்மி நகர்த்தினார். கண்ணாடியில் வீங்கியிருந்த கையின் விரல்கள் மடங்கின.

முஷ்டி.

கண்ணாடிக்குள்ளிருந்து பொத்தென்று ஓர் அடி. துருவும் உப்பும் அழுகிய பாசியுமாக ஒரு நாற்றம் அறையை நிறைத்தது. சுத்தியலை எடுத்து ஓங்கிப் போட்டார். கண்ணாடி உடையவில்லை. கைப்பிடி முறிந்து உள்ளங்கையை எலும்புவரை கிழித்தது.

காலில் சில்லென்றது. தண்ணீர்.

தாழ்ப்பாளை இழுத்தார். விலகியது. கதவு அசையவில்லை.

"விசாலம்! கதவைத் தள்ளுடி!"

வெளியே அவர் மனைவி விசாலாக்ஷி பக்கத்தாத்து மாமியிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது. "உள்ளதான் இருக்கார். ஒரு சத்தம் உண்டா பாருங்கோ. அந்தக் கண்ணாடியோட உக்காந்துண்டா லோகமே வேண்டாம் மனுஷருக்கு."

அடித்தார். நகம் பிய்ந்தது. மறுபடி அடித்தார். மணிக்கட்டு முறிந்தது. தண்ணீர் இடுப்பில். மார்பில். பல்பு சுர்ரென்று அணைந்தது.

வெளிச்சம் மட்டும் போகவில்லை. கண்ணாடி வழியாக வந்துகொண்டிருந்தது.

நீந்திப் போய் அதில் இரண்டு கைகளாலும் அறைந்தார். ரத்தம் நீரில் புகையாய்ப் பிரிந்தது. அந்தப் பக்கம், காய்ந்த தரையில், அவருடைய பனியனை மாட்டிக்கொண்டு ஒருவன். முகமெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. கையில் பிளேடு. ஒற்றைக் கண்ணை இடுக்கி, சுப்புராயனின் கை பதிந்த இடத்தையே கவனமாகப் பார்த்தான்.

பிறகு சிவப்புப் பொடியைத் தொட்டு, தேய்க்க ஆரம்பித்தான்.

சுப்புராயனின் விரல் நுனிகள் கரையத் தொடங்கின.