ஆறு குடம் எங்கே போச்சு?

எங்கள் தெருவில் குடங்களுக்குக் கால் உண்டு.

நம்பாவிட்டால், தண்ணீர் லாரி வருகிற காலையில் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் வந்து பாருங்கள். வரிசையில் ஏழாவதாக வைத்த குடம், நீங்கள் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் நான்காவதாக நிற்கும். யார் குடம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு எதற்கு ஊர் வம்பு? பச்சைக் குடம், வாயோரம் உடைந்திருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

அதனால் ஒவ்வொரு வீட்டிலும் குடத்துக்குக் காவலாக ஓர் ஆள் நிற்க வேண்டும். எதிர்வீட்டில் அந்த ஆள் யுவராணி. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அம்மா விஜி, திருமழிசையில் ஒரு கம்பெனியில் முதல் ஷிப்ட். விடியும் முன்பே வேன் வந்து அழைத்துப் போய்விடும். அக்கா ஜெயப்பிரியா வேலப்பன்சாவடி பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறாள். காலேஜுக்குக் கிளம்பும் முன் சமையலும் அவள்தான். அப்பா லாரி ஓட்டுகிறார், பாதி நாள் ஆந்திராவில். ஆக, குடத்துக்குக் காவல் யுவராணி.

அவளுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் கோ-கோ ஆடுவாள். பயிற்சி காலையில்தான். லாரி வருவதும் காலையில்தான்.

"வெள்ளிக்கிழமை டீம் எடுக்கிறாங்கக்கா. அன்னிக்கும் லேட்டா வந்தா பேரே கிடையாதுன்னு ராதிகா மிஸ் சொல்லிட்டாங்க" என்று அவள் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் ஒட்டுக் கேட்கவில்லை. மாடியில் துணி காயப்போட்டேன். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது.

"நீ வரிசையில நிக்கவே வேணாம். அதுக்கு நான் ஒண்ணு செஞ்சுகினு இருக்கேன்" என்றாள் ஜெயப்பிரியா.

அவள் செய்தது ஓர் ஆப். படித்தவர்கள் செயலி என்கிறார்கள். எங்கள் தெருவில் அது 'ஆப்பு'. முதல் நாள் சாயங்காலமே அவரவர் போனில் எத்தனை குடம் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். கூட்டல் குறியை ஒரு தடவை தட்டினால் ஒரு குடம், ஆறு தடவை தட்டினால் ஆறு. பிறகு 'சேமி' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். காலையில் நம் முறை வந்ததும் போன் மணியடிக்கும். அப்போது குடத்தோடு வந்தால் போதும்.

தெருச் சங்கச் செயலாளர் ராஜசேகரனுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. லாரியடியில் விசில் ஊதி வரிசையை நடத்துவது அவர்தான். "அப்ப என் விசில்?" என்றார்.

"விசிலுக்குப் பதிலா உங்க போன்ல 'அடுத்து'ன்னு ஒரு பொத்தான் இருக்கு அங்கிள். நீங்க அமுக்கினாதான் அடுத்தவங்களுக்கு மணியடிக்கும்."

பொத்தான் தன் கையில்தான் இருக்கும் என்றதும் அவர் சம்மதித்துவிட்டார்.

புதன்கிழமை வெள்ளோட்டம். லாரி வந்தது. மணி அடித்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், பிடித்தார்கள், போனார்கள். அடடா என்று இருந்தது. லாரி கிளம்பிப் போன பிறகுதான் மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன.

"இன்னாங்கடா இது! லாரி பூட்ச்சா? எனுக்கு மணியே அடிக்கல!" என்று இடுப்பில் குடத்தோடு வந்தாள் சொர்ணம். பச்சைக் குடம். வாயோரம் உடைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோ ஓட்டும் ஜம்புலிங்கத்துக்கும் அடிக்கவில்லை. கீரை விற்கும் வேம்புலித் தாத்தாவுக்கும் அடிக்கவில்லை. பாவம், தெளிக்கத் தண்ணீர் இல்லாமல் அவருடைய அரைக்கீரைக் கட்டுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன.

ராஜசேகரன் தம் போனைப் பார்த்தார். மூன்று பேருக்கும் நேராகப் பூஜ்யம் குடம் என்று இருந்தது. "நீங்கதான் ஒண்ணுமே வேணாம்னு போட்டிருக்கீங்க."

"நானா? ஆறு வாட்டி எண்ணித் தட்டனேன்! காலேஜ் படிச்ச பொண்ணு நல்லா வெச்சா பாரு ஆப்பு!" என்றாள் சொர்ணம்.

ராஜசேகரன் வேம்புலித் தாத்தா பக்கம் திரும்பினார். "பெருசு, உனக்கு எதுக்குய்யா போனு? எதையாச்சும் மாத்தி அமுக்கியிருப்ப."

தாத்தா கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். யுவராணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு வாட்டி பாப்போம். அதுவும் புட்டுகிச்சுன்னா, பழையபடி குடம், வரிசை, விசில்" என்று ராஜசேகரன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதே வெள்ளிக்கிழமை. யுவராணியின் முகம் அரைக்கீரைக் கட்டு மாதிரி ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் தெருவே ஜெயப்பிரியாவுக்கு யோசனை சொன்னது. போனை அணைத்துப் போடு என்றார் ஒருவர். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்று என்றார் ஒருவர். அரிசி டப்பாவுக்குள் வைத்துப் பார் என்று நான்கூடச் சொன்னேன். அரிசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் செய்து பார்த்தாள். தன் போனில் ஆறு தட்டினாள், ஆறு. ஒன்பது தட்டினாள், ஒன்பது. லேப்டாப்புக்குள் ஒரு பொம்மைப் போன் வைத்திருக்கிறாள், அதிலும் ஒன்பது.

"ஆப் நின்னு போச்சுன்னா, லேப்டாப்புல செவப்பு எழுத்துல கத்தும். எந்த வரியில தப்புன்னு காட்டிடும். இது கத்தவே மாட்டேங்குதே! என் போன்ல ஒரு தடவையாச்சும் தப்பு வந்தாதானே பிடிக்க முடியும்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவங்க போன்லதானே வருது? நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள் யுவராணி.

கேட்டாள். மூன்று வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: "நான் ஒண்ணுமே பண்ணல!"

உலகத்தில் எந்தப் பொருள் கெட்டாலும் எல்லாரும் சொல்கிற பதில் அது. என் மிக்ஸி புகைந்தபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் உள்ளூர் விடுமுறை. மத்தியானம் யுவராணி மறுபடியும் சொர்ணம் வீட்டுக்குப் போனாள். கறிவேப்பிலை கேட்டு நானும் அங்கே போயிருந்தேன், தற்செயலாக.

"அத்தை, அன்னிக்கு என்ன பண்ணீங்கன்னு சொல்ல வேணாம். அதே மாதிரி இப்ப பண்ணுங்க. நான் சும்மா பாத்துகினு இருக்கேன்."

"இதுல பாக்க இன்னா கீது?" சொர்ணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கூட்டல் குறியைத் தட்டினாள். ஒன்று, இரண்டு... ஆறு. திரையில் ஆறு. பிறகு "அப்பாடா" என்று ஃபேனுக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்தாள். கையில் இருந்த போனும் படுத்தது. திரை ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டுக் குறுக்காகத் திரும்பியது. சொர்ணம் டிவியைப் பார்த்தபடியே 'சேமி'யை அமுக்கினாள்.

யுவராணி திரையைப் பார்த்தாள். பூஜ்யம்.

அவள் சட்டென்று எழுந்து ஓடினாள். கறிவேப்பிலையை மறந்துவிட்டு நானும் பின்னால் போனேன். பூந்தமல்லிக்கு ஆட்டோ எவ்வளவு என்று ஜம்புலிங்கத்திடம் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னா பாப்பா, போலீஸ் மாரி விசாரிக்கிற?" என்று சிரித்தார் ஜம்புலிங்கம். ஆனாலும் செய்து காட்டினார். நான்கு தட்டினார். வழி பார்ப்பதற்காக ஆட்டோவில் பொருத்தியிருந்த பிடியில் போனைக் குறுக்காகச் செருகினார். பிறகு 'சேமி'.

பூஜ்யம்.

யுவராணியின் கண் பளபளத்தது. அடுத்து வேம்புலித் தாத்தா. அவருக்கு முதலில் போனை எடுக்கவே மனம் இல்லை. "வேணாம் கண்ணு. பெருசு மாத்தி அமுக்கிடும்."

"நீங்க மாத்தி அமுக்கல தாத்தா. எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை."

தாத்தா ஐந்து தட்டினார். பிறகு போனை மெதுவாகக் குறுக்கே திருப்பினார்.

"ஏன் தாத்தா திருப்பறீங்க?"

"இப்டி வெச்சா இந்தப் பொத்தான் அகலமா வருது கண்ணு. கீரை கட்டிக் கட்டி வெரலு தடிச்சுப் போச்சு. சின்னப் பொத்தான் மாட்ட மாட்டேங்குது." அவர் எண்ணைப் பார்க்கவில்லை. கண்ணாடி கூடையில் இருந்தது.

யுவராணி அக்காவிடம் பறந்தாள். "அக்கா! திரும்பினா போயிடுது! ஆறு தட்டிட்டுப் போனைத் திருப்பு!"

ஜெயப்பிரியா தட்டினாள், திருப்பினாள். திரை அசையவே இல்லை. ஆறு ஆறாகவே இருந்தது. "பாத்தியா? என்கிட்ட வரல."

"உன் போன் திரும்பவே மாட்டேங்குதே!"

"நான் அதைப் பூட்டி வெச்சிருக்கேன். பஸ் ஆடும்போதெல்லாம் அதுவும் கூடவே ஆடுச்சு, அதான்..." பாதியில் நிறுத்தினாள். பூட்டை எடுத்தாள். மறுபடி ஆறு தட்டினாள். திருப்பினாள்.

பூஜ்யம்!

ஒரு தப்பைப் பார்த்து இரண்டு பேர் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. என் மாடி வரைக்கும் சத்தம் கேட்டது.

"போனைத் திருப்பினா, பழைய திரையைக் கலைச்சிட்டு முதல்லேருந்து புதுசாக் கட்டும். நான் எண்ணிக்கையை எங்கேயும் எடுத்து வைக்கல. அது திரையோடவே போயிடுது. இது ஒரே வரி வேலை. ஆப் திரும்பவே கூடாதுன்னு நேரா பூட்டிட்டாப் போச்சு!"

"பூட்டிட்டா தாத்தாவுக்குப் பொத்தான் சின்னதாயிடுமேக்கா."

"அவர் ஒருத்தருக்காகவா? நாளைக்குக் காலையில லாரி வரும்டி!"

"அவர் திருப்பினது தப்பே இல்லக்கா. அவருக்கு மறுபடி மணியடிக்கலன்னா, 'பெருசுக்குத் தெரியல'ன்னுதான் சொல்லுவாங்க." யுவராணி கொஞ்சம் யோசித்தாள். "எங்க மிஸ் போர்டைத் துடைக்கறதுக்கு முன்னாடி நாங்க நோட்டுல எழுதிப்போம். அந்த மாதிரி, திரையைக் கலைக்கறதுக்கு முன்னாடி உன் ஆப் எழுதி வெச்சுக்காதா?"

"வெச்சுக்கும். நான்தான் சொல்லித் தரல" என்றாள் ஜெயப்பிரியா. லேப்டாப்பை இழுத்து மடியில் வைத்தாள்.

வேலை முடிந்ததும் யுவராணி சோதித்தாள். உட்கார்ந்து தட்டினாள், படுத்துத் தட்டினாள், தலைகீழாகச் சோபாவில் தொங்கிக்கொண்டு தட்டினாள். போனைப் பம்பரம் மாதிரி சுழற்றினாள். ஆறு ஆறாகவே உட்கார்ந்திருந்தது. பிறகு அந்த மூன்று வீட்டுக்கும் போய்ப் புது ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலவே செய்யச் சொன்னாள். சொர்ணம் படுத்தாள். ஜம்புலிங்கம் செருகினார். தாத்தா திருப்பினார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தபோது தெருவில் ஒரு குடம்கூட வரிசையில் இல்லை. யுவராணி எப்போதோ ஷூ மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டாள். அவர்கள் வீட்டில் மணி அடித்ததும் ஜெயப்பிரியா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள், பிடித்தாள், போனாள். அடுத்து வேம்புலித் தாத்தா ஐந்து குடத்தோடு வந்தார். நேராக ராஜசேகரன் முன்னால் போய் நின்றார்.

"எனுக்கும் அடிச்சுதுபா" என்று போனைத் தூக்கிக் காட்டினார், குறுக்காக.

"ம்... பிடி, பிடி" என்றார் ராஜசேகரன். கழுத்தில் தொங்கிய விசிலை என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு தடவை சும்மா ஊதிப் பார்த்துக்கொண்டார்.

சொர்ணத்தின் பச்சைக் குடம் தன் முறைக்குத்தான் வந்தது. தள்ளுமுள்ளு இல்லை. சண்டை இல்லை. யார் யாரை என்ன சொன்னார்கள் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. லாரியடியில் நான் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தேன். பேச்சுத் துணைக்கு ஒரு காக்கா இருந்தது.

பயிற்சி முடிந்து, சீருடை மாற்றிக்கொள்ளத் தெருமுனையில் யுவராணி வந்தாள். முழங்காலெல்லாம் மண், முகமெல்லாம் பல்.

"அத்தை, என்னை எடுத்துட்டாங்க!"

"அப்படிப் போடு! உங்க மிஸ் என்ன சொன்னாங்க? வேற யார் யாரை எடுத்தாங்க? யாரை எடுக்கல? முதல்லேருந்து சொல்லு."

"எல்லாம் சொல்றேன் அத்தை. முதல்ல மாடிக்கு ஓடுங்க."

"ஏன்டி?"

"உங்க வீட்டைத் தாண்டித்தான் வரேன், உங்க போன் அடிச்சுகினே இருக்கு. இப்ப உங்க முறை!"