கதவிடுக்கில் ஒரு செருப்பு

மிளகுக்கு அந்தப் பெயரை வைத்தவன் அவள் அண்ணன். ஆள்தான் சின்னது, காரம் பெரிது என்பான்.

பள்ளி விட்டதும் இரண்டு பேரும் மாலைக்கூடத்துக்குப் போவார்கள். வீட்டுப்பாடம், கேரம், ஓட்டை சைக்கிளைக் கழற்றி மாட்டுவது என்று பிள்ளைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இடம் அது. இந்த வருடம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்படியே போனால் கூடத்தை மூட வேண்டியதுதான் என்று பொறுப்பாளர் சார் சொல்லிவிட்டார். புதுச் சின்னம், புது நிறம், புது டி-ஷர்ட் என்று எல்லாவற்றையும் மாற்ற டிசைனர் அக்கா ஒருவர் வந்தார்.

அக்கா வரைந்த சின்னத்தில் ஒரு பெரிய கை மேலிருந்து நீண்டு, கீழே இருந்த சின்னக் கையைத் தூக்கிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை அச்சிட்ட டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு எல்லாரும் பல்லைக் காட்டினார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

கேட்டைத் தாண்டியதும் அண்ணன் டி-ஷர்ட்டைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டான். மற்ற பையன்களும் அப்படியே செய்தார்கள்.

"ஏன்டா இப்படி?" என்றாள் மிளகு.

"பிச்சை வாங்குற மாதிரி இருக்கு. இதப் போட்டுட்டு எவன் தெருவுல போவான்?"

மறுநாள் மிளகு அக்காவைக் கூட்டிவந்து கேட்டுக்கு வெளியே மறைவாக நிறுத்தினாள். பையன்கள் வரிசையாக வந்து டி-ஷர்ட்டைத் திருப்பிப் போடுவதைப் பார்த்து அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"என்கிட்ட யாருமே சொல்லலையே."

"உங்க மனசு கஷ்டப்படும்னுதான். நல்லா வரையுறீங்கக்கா. ஆனா நாங்க ஒண்ணும் விழுந்து கிடக்கலையே."

அக்கா தன் வரைநோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, இந்த இடத்தை நினைத்தால் உனக்கு முதலில் என்ன ஞாபகம் வரும் என்று கேட்டார்.

மிளகு யோசிக்கவே இல்லை. "செருப்பு."

கூடத்துக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்தினால் சாவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்க வராது. அதனால் முதலில் வருகிறவர் சாரிடம் சாவி வாங்கித் திறந்து, தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகிவிட்டு, அன்று முழுக்க ஒற்றைச் செருப்போடு திரிய வேண்டும். இது பிள்ளைகளே போட்ட சட்டம். தெருமுனையிலிருந்து செருப்பு தெரிந்தால் போதும், உள்ளே ஆள் இருக்கிறது, யாரும் வரலாம்.

அக்கா அன்றைக்கே வரைந்துவிட்டார். பாதி திறந்த மஞ்சள் கதவு, இடுக்கில் ஒரு நீலச் செருப்பு.

பொறுப்பாளர் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பை யாராவது நெஞ்சில் மாட்டுவார்களா, ஊரே சிரிக்காதா என்றார்.

"சிரிக்கட்டும் சார்," என்றாள் மிளகு. "சிரிச்சவங்க என்னன்னு கேப்பாங்க. கேட்டா சொல்லலாம்ல?"

சார் அரைமனதோடு தலையாட்டினார்.

புது டி-ஷர்ட் வந்ததும் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே ஊரைச் சுற்றி வீட்டுக்குப் போனான். பஸ் நிறுத்தத்தில் பையன்கள் கேலி செய்தார்கள். பிறகு, செருப்புக் கதையைக் கேட்டுவிட்டு, அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அவன் வழி சொன்னான்.

அடுத்த வாரம் கேரம் பலகையைச் சுற்றி நிற்க இடமில்லை. புதிதாக வந்தவர்கள் தங்களுக்கும் டி-ஷர்ட் வேண்டும் என்று சாரை நச்சரித்தார்கள். மூடுகிற பேச்சை சார் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அக்காவுக்குத்தான் போன் போட்டார்.

"இன்னும் ஒரு கட்டு அடிச்சு அனுப்பும்மா. எனக்கும் ஒண்ணு. பெரிய சைஸ்."